ஏடிவி முன்பக்கம் ஆடினால்: இடத்தைப் பிடித்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓடும் திறந்த நான்கு சக்கர வண்டி) விளையாட்டு வண்டி அல்ல. காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் மண்டோர் (மேற்பார்வையாளர்) அதில்தான் செம்பனை நிரைகளைச் சுற்றி வருகிறார். மருந்துத் தொட்டி அதில் ஏறும், உர மூட்டை ஏறும், உதிரிப் பழச் சாக்கும் ஏறும். செம்மண் பாதை, பலகைப் பாலம், முழங்கால் ஆழ வடிகால் என்று எல்லாவற்றையும் தாண்டிவரும் வண்டியில் முதலில் தளர்வது முன்பக்கம்தான்.

பட்டறைக்கு வருபவர்கள் நோயோடு மருந்துச் சீட்டையும் சேர்த்தே கொண்டுவருவார்கள். “தம்பி, முன்னுக்கு ரொம்ப ஆடுது, டை ராட் மாத்திடு!” ஹேண்டலின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டுதான் டை ராட். அதன் முனையை மாற்றினால் சில வண்டிகள் சரியாகிவிடும், மறுப்பதற்கில்லை. ஆனால் எங்கள் பக்கத்து வண்டிகளில் அதற்கு முன்பே போவது சக்கர பேரிங்கும், சக்கரப் பகுதியை வண்டியின் கையோடு இணைக்கும் குண்டு மூட்டான கீழ் பால் ஜாயிண்டும். இரண்டும் தண்ணீரில் அதிகம் முங்கும் இடத்தில் இருக்கின்றன. போதாததற்கு நாம் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒருவகை உப்பு. சேற்றோடு கலந்து ஒட்டினால் இரும்பைச் சும்மா விடாது. அதனால் எந்தச் சாமானையும் வாங்குவதற்கு முன் எது ஆடுகிறது என்று கையால் தொட்டு உறுதிசெய்யுங்கள். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் இருந்தால் போதும்.

எப்போது ஆடுகிறது?

ஓட்டுபவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஹேண்டல் படபடவென்று உதறி, வேகம் கூடினாலோ குறைந்தாலோ நின்றுவிடுகிறது என்றால் டயரையும் ரிம்மையும் பாருங்கள். எல்லா வேகத்திலும் வண்டி நேராக நிற்காமல் இடமும் வலமும் அலைந்தால் பால் ஜாயிண்ட், டை ராட், சக்கர நேர்ப்பாடு ஆகியவற்றில் சந்தேகப்படலாம். பள்ளத்தில் இறங்கும்போது ஹேண்டலில் ‘டக்’ என்று அடி விழுந்தால் டை ராட் முனையோ ஸ்டியரிங் தண்டைச் சுற்றியிருக்கும் புஷ் என்னும் வளையமோ தேய்ந்திருக்கும். திருப்பத்தில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் உறுமல் கேட்டால் பெரும்பாலும் பேரிங்தான், ஏனென்றால் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்தில்தான் பாரம் விழுகிறது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க் வளைந்திருக்கலாம். முன்பே எங்காவது லூஸ் இருந்து பிரேக்கில் வெளியே தெரிகிற வாய்ப்பும் உண்டு.

நான்கு சக்கர இயக்கத்தில் போட்டால் மட்டும் அதிர்கிறது என்றால் முன் ஆக்ஸில் ஜாயிண்டைப் பாருங்கள். ஆனால் அந்த நிலையில் தார்ச் சாலையில் ஓட்டி ஹேண்டல் முறுக்குகிறது என்று சொல்பவர்களும் வருகிறார்கள். அது கோளாறு இல்லை. மண்ணில் வழுக்க வேண்டிய சக்கரங்கள் தாரில் வழுக்க முடியாமல் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன, அவ்வளவுதான்.

தொடங்குவதற்கு முன்

வண்டியைக் கழுவுங்கள். சேறு மூடிய ஜாயிண்டில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பிரஷர் தண்ணீரை மட்டும் பேரிங் சீல் மீதும் ரப்பர் பூட் மீதும் நேராக அடிக்க வேண்டாம். அது கிரீஸைக் கழுவித் தண்ணீரை உள்ளே தள்ளிவிடும். தினமும் மாலையில் அப்படிக் கழுவிச் சுத்தமாக வைத்திருக்கும் வண்டிகளில்தான் பேரிங் சீக்கிரம் போவதைப் பார்க்கிறேன்.

சமமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சேஸிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவில் ஜேக் வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு போட்டுவிடுங்கள். ஜேக்கை மட்டும் நம்பி அடியில் கையை விடாதீர்கள். ஸ்பானர், சாக்கெட், நெம்புவதற்கு ஒரு கம்பி, சர்க்கிளிப் (பள்ளத்தில் உட்காரும் பூட்டு வளையம்) பிளையர், அளவு நாடா, சாக்பீஸ், நூல், டார்ச், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் ஆகியவை வேண்டும். வண்டியின் சர்வீஸ் கையேடும் வேண்டும். எந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

காற்றும் ரிம்மும்

ஏடிவி டயருக்குக் காற்று மிகக் குறைவு. பெரும்பாலான வண்டிகளில் 3 முதல் 7 பிஎஸ்ஐ வரைதான் இருக்கும். உங்கள் வண்டிக்குரிய அளவு சேஸிஸிலோ மட்கார்டிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உண்டு. பெட்ரோல் நிலைய மீட்டர் காருக்கானது, 4-க்கும் 6-க்கும் அதில் வித்தியாசம் பார்ப்பது கஷ்டம். காரில் 1 பிஎஸ்ஐ கூடக்குறைய இருந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை. 5 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயரில் 1 குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். இடப்பக்கம் 3, வலப்பக்கம் 6 என்று இருந்தால் ஹேண்டல் சும்மா இருக்குமா? 0 முதல் 15 வரை மட்டும் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டயர் சூடேறும் முன், காலையிலேயே பாருங்கள்.

காற்று அடிக்கடி இறங்கினால் முள்ளைத் தேடுங்கள். செம்பனை மட்டையின் அடிப்பகுதியில் இரண்டு ஓரமும் முள்தான். டயரில் ஏறி உள்ளேயே முறிந்துகொண்டால் வெளியே தெரியாமல் காற்று கசியும். சோப்புத் தண்ணீர் பூசினால் குமிழ் விட்டுக் காட்டிக்கொடுக்கும். முள்ளுக்குப் பயந்து 15 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அப்போது டயர் மண்ணைப் பிடிக்காமல் பந்தாகத் துள்ளும், அந்தத் துள்ளல் நேராக ஜாயிண்டுகளில்தான் போய் விழும்.

அப்புறம் சக்கரத்தைத் தூக்கிய நிலையில் சுற்றிவிடுங்கள். ஸ்டாண்டின் மேல் ஒரு ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, அதன் முனையை ரிம் ஓரத்துக்கு அருகில் அசையாமல் பிடியுங்கள். சுற்றும்போது இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் வளைந்திருக்கிறது. ரிம் ஒழுங்காக ஓடி டயர் மட்டும் நெளிந்தால் டயரின் ஓரம் ரிம்மில் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, ஓரம் முழுக்கச் சோப்புத் தண்ணீர் பூசி, மறுபடி ஏற்றுங்கள். டயர் சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். ரிம்மின் உள்பக்கத்தையும் எட்டிப் பாருங்கள். காய்ந்த செம்மண் ஒரு பக்கம் கட்டியாக ஒட்டியிருந்தாலே ஹேண்டல் உதறும். தட்டி எடுத்தால் தீர்ந்தது, செலவே இல்லை.

சக்கர நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். கூம்பு வடிவ நட்டு என்றால் கூம்பு முனை ரிம் பக்கம் இருக்க வேண்டும். தளர்ந்த நட்டோடு ஓடி ரிம் துளை நீள்வட்டமாகியிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, ரிம்மையே மாற்ற வேண்டியதுதான்.

கையால் ஆட்டிப் பார்ப்பது

இதைத்தான் நிதானமாகச் செய்ய வேண்டும். சக்கரத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை பன்னிரண்டு மணியில், இன்னொரு கை ஆறு மணியில். மேலே தள்ளும்போது கீழே இழுத்து, மாற்றி மாற்றி ஆட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று அசைந்தால் பேரிங், பால் ஜாயிண்ட், ஏ ஆர்ம் (சக்கரப் பகுதியைச் சேஸிஸோடு இணைக்கும் கை) புஷ் ஆகியவற்றில் ஏதோ ஒன்று. கை மாற்றி மூன்று மணியிலும் ஒன்பது மணியிலும் பிடித்து ஆட்டுங்கள். இதில் மட்டும் லூஸ் தெரிந்தால் டை ராட் முனை அல்லது ஸ்டியரிங் தண்டு. இரண்டு விதத்திலும் தெரிந்தால் பேரிங் மீது சந்தேகம் கூடுகிறது.

பேரிங்கா பால் ஜாயிண்டா என்று பிரிப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. பன்னிரண்டு-ஆறில் ஆட்டிக்கொண்டே இருக்கும்போது கூட இருப்பவரை முன் பிரேக்கை இறுகப் பிடிக்கச் சொல்லுங்கள். டிஸ்க் பிரேக் வண்டியில் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் நக்கிளில் (பால் ஜாயிண்டுகளோடு இணைந்த, சுழலாத தாங்கி) பூட்டியிருக்கிறது, டிஸ்க் சக்கரத்தோடு சுழலும் ஹப்பில் இருக்கிறது. பிரேக் பிடித்ததும் ஹப்பும் நக்கிளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் ஆட்டம் நின்றுபோனால் பேரிங். பிரேக் பிடித்தும் ஆட்டம் அப்படியே இருந்தால் பேரிங்குக்கு அப்பால், பால் ஜாயிண்டிலோ புஷ்ஷிலோ இருக்கிறது.

கண்ணாலும் பார்க்கலாம். நண்பர் ஆட்டட்டும், நீங்கள் டார்ச்சோடு சக்கரத்துக்குப் பின்னால் குனியுங்கள். நக்கிள் அசையாமல் சக்கரம் மட்டும் அசைகிறதா? பேரிங். நக்கிளும் சேர்ந்து அசைந்து, ஏ ஆர்ம் மட்டும் சும்மா இருக்கிறதா? பால் ஜாயிண்ட். ஏ ஆர்மே சேஸிஸ் பக்கம் அசைகிறதா? அப்படியானால் புஷ். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் ஜாயிண்டின் மேல் விரலை வையுங்கள். அரை மில்லிமீட்டர் அசைவும் விரலுக்குத் தெரியும்.

கீழ் பால் ஜாயிண்ட் சில சமயம் ஒளிந்துகொள்ளும். சக்கரம் தொங்கும்போது அதன் எடையே ஜாயிண்டை ஒரு பக்கமாக இழுத்து வைத்திருக்கும். டயருக்கு அடியில் கம்பியைக் கொடுத்து லேசாகத் தூக்கித் தூக்கி விடுங்கள். மேலும் கீழும் அசைவு இருந்தால் அப்போது வெளிப்படும். ரப்பர் பூட் கிழிந்து சிவப்பாகத் துருத் தண்ணீர் வழிந்திருந்தால், இப்போதைக்கு ஆட்டம் குறைவாக இருந்தாலும் அந்த ஜாயிண்டின் கதை முடிந்தது. மாற்றிவிடுங்கள். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் உள்பக்கம் மடிந்துவிடும், இறக்கத்தில் அது உயிருக்கே ஆபத்து.

பேரிங்கை உறுதிசெய்ய இன்னொன்று. ஒரு கையால் ஷாக் ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். நல்ல பேரிங் வழுவழுவென்று ஓடும். கெட்டது மணல் அரைபடுவது போன்ற அதிர்வை ஸ்பிரிங் வழியே கைக்கு அனுப்பும்.

கடைசியாக ஸ்டியரிங் தண்டு. ஹேண்டலை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மேலே இருக்கும் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் முன்பின்னாக அசையும். கீழ் பேரிங் போயிருந்தால் மேல்கீழாக ஏறி இறங்கும். பிறகு சக்கரங்களைத் தரையில் இறக்கி, நண்பர் ஹேண்டலைக் கொஞ்சமாக இடமும் வலமும் அசைக்க, டை ராட் முனைகள் நான்கையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பாருங்கள். வெளிமுனை இரண்டையும் எல்லோரும் பார்ப்பார்கள். தண்டின் அடியில் இருக்கும் உள்முனைகளைத்தான் சேறு மறைத்துவிடும்.

சக்கர பேரிங் மாற்றுவது

பெரும்பாலான நான்கு சக்கர இயக்க வண்டிகளில் பேரிங் நக்கிளுக்குள் இருக்கும், சில மாடல்களில் ஹப்பிலேயே இருக்கும். நக்கிளில் இருப்பதற்கான முறை இது.

சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரை அவிழ்த்து, கம்பி கட்டிச் சேஸிஸில் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. ஆக்ஸில் நட்டு சுழலாமல் பூட்டும் காட்டர் பின்னை எடுத்து நட்டைக் கழற்றினால் ஹப் வெளியே வரும். டை ராட் முனையையும் இரண்டு பால் ஜாயிண்டையும் விடுவித்து நக்கிளைக் கையில் எடுங்கள். கூம்புத் தண்டு துருவில் இறுகியிருந்தால் மரை முனையில் சுத்தியலால் அடிக்காதீர்கள், மரை போய்விடும். நட்டைப் பாதி கழற்றிவிட்டு, நக்கிளின் துளை இருக்கும் பக்கவாட்டில் கனமாக அடித்தால் விட்டுவிடும். அலுமினிய நக்கிள் என்றால் இழுத்துக் கழற்றும் புல்லர் போடுங்கள்.

சீலையும் சர்க்கிளிப்பையும் எடுத்துவிட்டுப் பழைய பேரிங்கைப் பிரஸ்ஸில் தள்ளுங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 6205 2ஆர்எஸ் என்று இருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் ரப்பர் சீல் என்று பொருள். இந்த எண் உலகம் முழுக்க ஒன்றே. ஏடிவி கடையில் சாமான் வரும்வரை காத்திருக்காமல் ஈப்போவில் பேரிங் கடைக்கு எண்ணைக் கொண்டுபோனால் நல்ல பிராண்டில் கிடைத்துவிடும். ஆனால் ஏடிவிக்கென்று தனி அளவில் செய்த இரட்டை வரிசை பேரிங்குகளும் உண்டு, அவற்றுக்கு அசல் சாமான்தான் வழி.

புதியதைச் சில மணி நேரம் பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஃபிரீசரில் வைத்து, நக்கிளை லேசாகச் சூடாக்கினால் சிரமமில்லாமல் இறங்கும். அழுத்தும்போது பேரிங்கின் வெளிவளையத்தில் மட்டும் அழுத்துங்கள். உள்வளையத்தில் அழுத்தினால் அந்த விசை குண்டுகள் வழியாகப் போய் ஓடுதளத்தில் பள்ளம் விழும். புது பேரிங் மாட்டிய மறுவாரமே உறுமும் வண்டிகளில் இதுதான் நடந்திருக்கிறது. சர்க்கிளிப் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததா என்று பார்த்து, புது சீல் போட்டு, அதன் உதட்டில் கிரீஸ் தடவுங்கள். ஆக்ஸில் நட்டைக் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள். காட்டர் பின் துளை நேர்படாவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேர்ப்படுத்துங்கள், தளர்த்தாதீர்கள். பழைய பின்னை மறுபடி மாட்ட வேண்டாம், சில காசு சாமான்.

பால் ஜாயிண்ட், புஷ், டை ராட்

பால் ஜாயிண்ட் சில வண்டிகளில் ஏ ஆர்மிலும் சிலவற்றில் நக்கிளிலும் அழுத்திப் பொருத்தியிருக்கும். சர்க்கிளிப்பை எடுத்துப் பிரஸ்ஸில் தள்ளி மாற்றலாம். துளையே தேய்ந்து ஜாயிண்ட் கையால் உள்ளே போகிறது என்றால் வெல்டிங் வைத்து ஒப்பேற்ற வேண்டாம், ஏ ஆர்மை மாற்றுங்கள். ஏ ஆர்ம் புஷ் மாற்றும்போது உள்ளே ஓடும் உலோகக் குழாயையும் சேர்த்தே பாருங்கள். அதில் படி விழுந்திருந்தால் புது புஷ் சீக்கிரமே போய்விடும். கிரீஸ் நிப்பிள் இருந்தால் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள்.

டை ராட் முனையைக் கழற்றும் முன் இரண்டு முனைக்கும் இடையே நடுவிலிருந்து நடுவுக்கு நீளத்தை அளந்து எழுதிவையுங்கள். ஒரு முனையின் மரை இடப்பக்கமாகச் சுற்றும், வழக்கமான திசையில் முறுக்கிக்கொண்டு நிற்காதீர்கள். புதியதை மாட்டும்போது இரண்டு முனையிலும் மரை ஏறக்குறைய சமமாக உள்ளே போயிருக்க வேண்டும்.

நூல் கட்டிச் சக்கரத்தை நேராக்குவது

முன்பக்கத்தில் எதைக் கழற்றி மாட்டினாலும் இந்த வேலையையும் செய்தாக வேண்டும். அலைன்மெண்ட் கடை ஏடிவியைத் தொடாது. தேவையும் இல்லை.

காற்றைச் சரியான அளவுக்கு வைத்து, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, வழக்கமாக ஓட்டும் எடையில் ஒருவரை மேலே உட்கார வையுங்கள். எடை ஏறினால் அளவு மாறும். பின்டயரின் வெளிப்பக்கத்தை ஒட்டி முன்னால்வரை ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள், இரண்டு பக்கமும். பல வண்டிகளில் முன்சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் பின்சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் ஒன்றாக இருக்காது, ஆகவே நூல் டயரில் தொடுகிறதா என்று பார்க்காமல் நூலுக்கும் முன் ரிம்முக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒத்துவரும் நிலையில் ஹேண்டலைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். அதுதான் நேர். அந்த நிலையில் ஹேண்டல் கோணலாக நின்றால் ஒரு டை ராட்டை நீட்டி, மற்றதை அதே அளவு குறைக்க வேண்டும்.

இனி விரிவும் குவிவும். இரண்டு முன்டயரின் முன்புறத்திலும், ஹப் உயரத்தில், பட்டையின் நடுவே சாக்பீஸால் புள்ளி வையுங்கள். புள்ளிக்குப் புள்ளி அளந்துகொள்ளுங்கள். வண்டியை மெதுவாக முன்னால் உருட்டி, அதே புள்ளிகள் பின்புறம் ஹப் உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளங்கள். ஒரே புள்ளியை இரண்டு இடத்திலும் அளப்பதால் ரிம்மில் சின்ன வளைவு இருந்தாலும் கணக்கைக் கெடுக்காது. முன்னளவு கூடுதலாக இருந்தால் சக்கரங்கள் முன்பக்கம் விரிந்திருக்கின்றன, குறைவாக இருந்தால் குவிந்திருக்கின்றன.

எவ்வளவு இருக்க வேண்டும்? இதில் நிறுவனங்களுக்குள் ஒற்றுமை இல்லை. சில மாடல்களுக்குச் சில மில்லிமீட்டர் விரிவு கேட்கிறார்கள், சிலவற்றுக்குக் குவிவு. உங்கள் கையேடு சொல்வதுதான் அளவு, பக்கத்துத் தோட்டத்து வண்டியின் அளவு உங்களுக்கு உதவாது. லாக் நட்டைத் தளர்த்தி, இரண்டு டை ராட்டையும் அரைச் சுற்று அரைச் சுற்றாக, இரு பக்கமும் சமமாகத் திருப்பி அளந்து பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் விரிகிறது என்பது முதல் அரைச் சுற்றிலேயே தெரிந்துவிடும். லாக் நட்டை இறுக்கும்போது டை ராட் முனை முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் சாயாமல், இரண்டு பக்கமும் சமமாக ஆட இடமிருக்கட்டும்.

பாரம்

முன் ரேக்கில் ஏற்றக்கூடிய எடை பல வண்டிகளில் 30 முதல் 50 கிலோவைச் சுற்றியே இருக்கும், ரேக்கிலேயே ஸ்டிக்கர் உண்டு. மருந்துத் தொட்டியில் 60 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் அதுவே 60 கிலோ. பாதித் தொட்டி இன்னும் மோசம், தண்ணீர் அலைமோதி ஹேண்டலைப் பிடுங்கும். தொட்டியைப் பின்னால் மாற்றுங்கள், அதையும் பின் ரேக்கின் அளவுக்குள். முன் ஷாக் இரண்டும் ஒரே படியில் வைக்கப்பட்டிருக்கின்றனவா, எண்ணெய் கசிகிறதா என்றும் பாருங்கள்.

அகலமாகத் தெரிய வேண்டும் என்று வீல் ஸ்பேசர் போட்டிருந்தால் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சக்கரம் வெளியே தள்ளத் தள்ள, ஒவ்வொரு கல்லும் ஹேண்டலைத் திருப்பும் பலம் கூடும், பேரிங்கும் சீக்கிரம் தேயும். உதறலுக்கு ஸ்டியரிங் டேம்பர் மாட்டச் சொல்பவர்களும் உண்டு. லூஸான பால் ஜாயிண்டின் மேல் டேம்பர் மாட்டினால் உதறல் கைக்குத் தெரியாமல் போகும், ஜாயிண்ட் மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

ஓட்டிப் பார்ப்பது

முதலில் சமதரையில் மெதுவாக, பிரேக்கைச் சோதித்தபடி ஓட்டுங்கள். பிறகுதான் பழைய உதறல் வந்த வேகத்துக்குப் போக வேண்டும். அன்றைய வேலை முடிந்து வண்டி திரும்பியதும் சக்கர நட்டு, டை ராட் லாக் நட்டு, காலிப்பர் போல்ட் மூன்றையும் மறுபடி இறுக்கிப் பார்த்து, பன்னிரண்டு-ஆறு, மூன்று-ஒன்பது சோதனைகளை ஒருமுறை செய்துவிடுங்கள்.

எல்லாம் இறுக்கமாக இருந்தும் வண்டி ஒரு பக்கம் இழுத்து அலைந்தால் சேஸிஸை அளக்க வேண்டியதுதான். இடப்பக்க முன் ஏ ஆர்ம் போல்ட்டிலிருந்து வலப்பக்கப் பின் ஏ ஆர்ம் போல்ட்டுக்கும், அதற்கு எதிர்மூலைக்கும் நாடா பிடியுங்கள். இரண்டு அளவும் ஒத்துப்போகாவிட்டால் சேஸிஸ் வளைந்திருக்கிறது. மரத்தில் மோதிய வண்டியும் பாலத்தில் சக்கரம் இறங்கிய வண்டியும் இப்படித்தான் வரும். அதைச் சூடாக்கி அடித்து நிமிர்த்துவதைத் தோட்டத்துப் பட்டறையில் செய்யாதீர்கள். சேஸிஸைப் பிடித்து நிமிர்த்த இரும்புச் சட்டம் வைத்திருக்கும் இடத்துக்கு லோரியில் ஏற்றி அனுப்புங்கள். நிமிர்த்தி வந்ததும் நூல் கட்டும் வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.